பாட்டி தொடங்கிய பள்ளியும் பேத்தியின் நுண்ணலை ஆய்வகமும்

‘முதல் பெண் பொறியாளர்’ என்ற தொடர் வரலாற்றைச் சொல்வதைப் போலவே வரலாற்றை மறைக்கவும் செய்கிறது. ஒருவரின் துணிவை அது முன்னிறுத்துகிறது. அத்துணிவு நிற்பதற்கு நிலம் அமைத்துக் கொடுத்தவர்களை விட்டுவிடுகிறது.

மைசூர் அரண்மனைக்குத் தெற்கே இருக்கும் அக்ரஹாரம் இன்று கடைகளும் போக்குவரத்தும் நிறைந்த நகர்ப்பகுதி. பெயர் மட்டும் பழைய சமூக அமைப்பை நினைவூட்டுகிறது. அக்ரஹாரம் என்பது கற்றோருக்கு மானியமாக வழங்கப்பட்ட குடியிருப்பு. அந்தக் கல்வி மரபு ஆண்களுக்கு உரியதாக இருந்தது. அதே தெருக்களில் குழந்தை மணமும் இளம் விதவையரின் ஒடுக்கமும் நிலவின. மகாராணியின் பெயரால் 1881இல் மைசூரில் பெண்கள் பள்ளி தொடங்கப்பட்டபோது எதிர்கொள்ள வேண்டியிருந்தது இந்தச் சூழலைத்தான்.

மைசூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நஞ்சன்கூட்டில் 1922இல் பிறந்தவர் ராஜேஸ்வரி சாட்டர்ஜி. கர்நாடகத்தின் முதல் பெண் பொறியாளராகக் குறிப்பிடப்படுபவர். அவருடைய பாட்டி கமலம்மா தாசப்பா, மைசூர் அரசின் தொடக்ககாலப் பெண் பட்டதாரிகளுள் ஒருவர். விதவையர், கைவிடப்பட்ட மனைவியர் ஆகியோரின் கல்விக்காக உழைத்தவர். அவர் நிறுவிய பள்ளியில்தான் ராஜேஸ்வரி தொடக்கக் கல்வி பெற்றார். ஆதரவற்ற பெண்களுக்காகப் பாடுபட்ட ஒருவரின் முயற்சி, அடுத்த தலைமுறையில் ஒரு பொறியாளரையும் உருவாக்கிற்று.

பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் கணிதம் பயின்ற ராஜேஸ்வரி, 1943இல் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். பத்தாண்டுகளுக்கு முன்னர் அதே கழகத்தில் கமலா சோகோனி பெண் என்பதற்காகவே நிபந்தனைகளோடு சேர்க்கப்பட்டார் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். பின்னர் அரசு உதவித்தொகையுடன் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்ற ராஜேஸ்வரி, 1953இல் முனைவர் பட்டத்தோடு திரும்பி, கழகத்திலேயே ஆசிரியரானார். கணவர் சிசிர் குமார் சாட்டர்ஜியுடன் இணைந்து நுண்ணலை ஆய்வை அங்கே வளர்த்தார், துறைத்தலைவராகவும் விளங்கினார்.

சென்னையின் லலிதாவையும் அருகில் வைத்துப் பார்ப்போம். 15 வயதில் மணம், 18 வயதில் கைம்மை, மடியில் கைக்குழந்தை. தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டிப் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர். அவரது முயற்சியாலும் முதல்வர் கே. சி. சாக்கோவின் இசைவாலும் 1940இல் மின்பொறியியல் வகுப்பில் லலிதாவுக்கு இடம் கிடைத்தது. லலிதா விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் குழந்தையை உடன்பிறந்தார் குடும்பம் வளர்த்தது. அடுத்து பி. கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் சேர்ந்தனர். மூவருக்கும் வழங்கிய பட்டச்சான்றில் ‘அவன்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டு, ‘அவள்’ எனக் கையால் எழுத வேண்டியிருந்தது. திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளரானார்.

இவ்விரு வரலாறுகளும் ஓர் உண்மையைக் காட்டுகின்றன. பள்ளி, உதவித்தொகை, விடுதி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், விதியைத் தளர்த்தும் முதல்வர் ஆகியவையே ‘ஆதரவு’ என்ற சொல்லின் உள்ளீடு. இவற்றுள் உதவித்தொகை நீங்கலாகப் பெரும்பாலானவை உறவு வழியாகவே வந்தன. பட்டதாரிப் பாட்டியோ பேராசிரியத் தந்தையோ இல்லாத பெண்ணுக்கு அவ்வழி திறக்கவில்லை. அவர்களுடைய சாதனையை இது குறைப்பதாகாது. அச்சாதனையின் சமூக எல்லையைக் காட்டுகிறது.

ஆகவே, உறவு செய்ததை நிறுவனம் செய்யத் தொடங்கிய தருணங்களே ஆய்வுக்குரியவை. 2018 முதல் ஐ.ஐ.டி.களில் பெண்களுக்கெனக் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டு, 2020இல் அவர்களின் பங்கை 20 விழுக்காட்டுக்கு உயர்த்தும் இலக்கு வைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021இல் பொறியியலுக்கும் வந்தது. 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறது. ஆனால் இடமும் பணமும் சேர்க்கை வரைதான் உறுதி தரும். லலிதாவுக்கு அன்று தேவைப்பட்ட விடுதியும் குழந்தைப் பராமரிப்பும் இன்றைய ஆய்வு மாணவிக்கும் பணியாற்றும் பொறியாளருக்கும் தேவைப்படுகின்றன.

இத்துறையில் ஆய்வு செய்ய முன்வரும் மாணவர்கள் சாதனையாளர் பட்டியலோடு நின்றுவிட வேண்டாம். பழைய கல்லூரிகளின் விடுதிப் பதிவேடுகளையும் உதவித்தொகைக் கோப்புகளையும் புரட்டுங்கள். யார் நுழைந்தார்கள் என்பதோடு, யார் எந்த ஆண்டில், எதனால் இடைநின்றார்கள் என்பதையும் தேடுங்கள்.