கல்லக்குடியில் அழிந்த பெயரின் வரவு செலவு

ஸ்ரீரங்கத்தில் ரயிலேறி லால்குடி, புள்ளம்பாடி தாண்டினால் கல்லக்குடி பழங்காநத்தம் வரும். 1953-இல் அந்த நிலையப் பலகையில் இருந்த பெயர் டால்மியாபுரம். அவ்வாண்டு ஜூலை 15 அன்று கருணாநிதி தன் தோழர்களோடு போய்ப் பலகையில் கல்லக்குடி என்று எழுதிய தாளை ஒட்டினார், தண்டவாளத்தில் படுத்தார், சிறைக்குப் போனார். கண்ணதாசனும் போனார். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1969-இல் பெயர் மாறியது. திருச்சி மாவட்டத்தில் இந்தக் கதை தெரியாத வீடு குறைவு.

டால்மியா யார் என்று கேட்டால் மட்டும் பதில் சட்டென்று தேய்ந்துவிடும். "வடநாட்டு சிமெண்ட் முதலாளி" என்பார்கள். அதற்கு மேல் பேச்சு நகராது. அந்த முதலாளி எதையெல்லாம் நடத்தினார், யாருடைய பணத்தில் நடத்தினார் என்பதைத்தான் நான் தேடினேன்.

முதல் தடயம் கிடைத்தது சட்டப் புத்தகத்தில். அரசியல் சாசனத்தின் 14-ஆம் பிரிவைப் படிக்கும் எந்த மாணவரும் 'ராம்கிருஷ்ண டால்மியா எதிர் நீதிபதி டெண்டோல்கர்' வழக்கை மனப்பாடம் செய்திருப்பார். சமத்துவ உரிமைக்குள் அரசு எப்படி வகைப்படுத்தலாம் என்பதற்கு 1958 மார்ச் 28-ஆம் தேதித் தீர்ப்பு வகுத்த நெறிகள் இன்றும் தேர்வில் வருகின்றன. நெறிகளைப் படிப்பவர்கள் வழக்கு எதனால் வந்தது என்பதைப் பெரும்பாலும் படிப்பதில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பகுதி.

1956 டிசம்பர் 11 அன்று மத்திய அரசு ஒரு விசாரணைக் கமிஷனை அமைத்தது. பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதி டெண்டோல்கர் அதன் தலைவர். அறிவிக்கையில் ஐந்து பெயர்கள் இருக்கின்றன: ராம்கிருஷ்ண டால்மியா, அவர் தம்பி ஜெய்தயாள் டால்மியா, மருமகன் சாந்தி பிரசாத் ஜெயின், அவருடைய குடும்பத்தைச் சேர்ந்த ஸ்ரேயான்ஸ் பிரசாத் ஜெயின், சீதள் பிரசாத் ஜெயின். பொதுமக்களின் முதலீட்டில் வளர்ந்த கம்பெனிகளை இவர்களோ இவர்களின் உறவினர்களோ ஊழியர்களோ கட்டுக்குள் வைத்துக்கொண்டு சொந்த லாபத்துக்குப் பயன்படுத்தினார்களா என்று பார்க்க வேண்டும் என்பது ஆணையின் சாரம். கமிஷனே செல்லாது என்று குடும்பம் வழக்காடியது. ஐந்து நீதிபதிகள் கேட்டார்கள். அவர்களில் ஒருவர் டி. எல். வெங்கடராம ஐயர், முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளில் கரைகண்டவர் என்று சங்கீத உலகம் அறிந்தவர். இன்னொருவர் விவியன் போஸ். தண்டனைக்குப் பரிந்துரைக்கும் ஒரு பகுதியை மட்டும் வெட்டிவிட்டு, விசாரணை நடக்கட்டும் என்று நீதிமன்றம் சொன்னது. பின்னர் விவியன் போஸே கமிஷனுக்குத் தலைவரானதால், அறிக்கை இன்றும் அவர் பெயரில்தான் அறியப்படுகிறது.

அறிவிக்கையோடு ஒன்பது கம்பெனிகளின் பட்டியல் உண்டு. டால்மியா ஜெயின் ஏர்வேஸ், டால்மியா ஜெயின் ஏவியேஷன், லாகூர் எலக்ட்ரிக் சப்ளை, இரண்டு பம்பாய் நூற்பாலைகள், ஆலன் பெர்ரி, பாரத் யூனியன் ஏஜென்சீஸ், வஸ்திர வியவசாய, டால்மியா சிமெண்ட் அண்ட் பேப்பர் மார்க்கெட்டிங். விமானம், மின்சாரம், துணி, காகிதம் என்று ஒரே குடும்பம் கைவைக்காத துறையைத் தேட வேண்டியிருக்கிறது. பட்டியலுக்கு வெளியே பத்திரிகைத் தொழில் இருந்தது. டைம்ஸ் ஆஃப் இந்தியாவை வெளியிடும் பென்னட் கோல்மன் கம்பெனியை 1946-இல் டால்மியா வாங்கியிருந்தார்.

கடைசிப் பெயரைப் பார்த்ததும் இது நம்மூர் ஆலைதான் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆவணம் அதற்கு இடம் தரவில்லை. 1939-இல் நாளொன்றுக்கு 250 டன் திறனோடு தொடங்கிய டால்மியாபுரம் ஆலை டால்மியா சிமெண்ட் (பாரத்) என்ற கம்பெனியுடையது. அந்தப் பெயர் பட்டியலில் கிடையாது. ஆனால் ஆலையை நிறுவிய ஜெய்தயாள் டால்மியாவின் பெயர் அறிவிக்கையில் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நியாயம். குடும்பத்தின் மீது எழுந்த கேள்வியை கல்லக்குடி ஆலையின் மீது ஏற்றவும் கூடாது, ஆலை பட்டியலில் இல்லை என்பதற்காகக் குடும்பத்தை விட்டுவிடவும் கூடாது.

அடுத்த தடயம் வங்கி. இதுவும் சட்ட நூலில்தான் கிடைத்தது. 'பாரத் வங்கி எதிர் பாரத் வங்கி ஊழியர்கள்', 1950. 1949 மார்ச்சில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ய, வங்கி பலரை வேலையிலிருந்து நீக்கியது. தொழில் தீர்ப்பாயம் கொடுத்த உத்தரவை எதிர்த்து வங்கி உச்சநீதிமன்றம் போனது. தீர்ப்பாயங்களின் முடிவை உச்சநீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்ற கோட்பாடு இந்த வழக்கில் பிறந்தது. தமிழரான பதஞ்சலி சாஸ்திரி பெரும்பான்மைத் தீர்ப்பிலிருந்து மாறுபட்டார். இந்தப் பாரத் வங்கி 1942-இல் ராம்கிருஷ்ண டால்மியா தொடங்கியது. 1951-இல் அதன் சொத்தும் பொறுப்பும் பஞ்சாப் நேஷனல் வங்கிக்குப் போயின, 39 கிளைகளும் சேர்ந்து. வங்கித் தொழிலை விட்ட கம்பெனி பாரத் நிதி என்று பெயர் மாற்றிக்கொண்டது.

ஒரு குடும்பத்திடம் ஆலைகளும் இருந்து, வங்கியும் இருந்து, இன்சூரன்ஸ் கம்பெனியும் இருந்தால் என்ன ஆகும்? கடன் கேட்பவரும் கடன் கொடுப்பவரும் ஒரே மேசையில், ஒரே நாற்காலியில் உட்காருகிறார்கள். ஈடு போதுமா, தவணை தவறினால் என்ன செய்வது என்று கேட்க எதிரே ஆள் இல்லை. பென்னட் கோல்மனை வாங்கிய பணமே குழுமத்தின் வங்கியிலிருந்தும் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்தும் வந்தது என்பது அன்று எழுந்த பெரிய குற்றச்சாட்டு. டெபாசிட் போட்டவர், பாலிசி எடுத்தவர், பங்கு வாங்கியவர் என மூன்று வகை எளிய மனிதர்களின் சேமிப்பு ஒரு குடும்பத்தின் முடிவை நம்பி நின்றது. 1955 டிசம்பர் 6 அன்று பெரோஸ் காந்தி மக்களவையில் எழுந்து பேசியது இதைத்தான்.

அந்தப் பேச்சுக்குச் சில வாரங்கள் முன்பே ராம்கிருஷ்ண டால்மியா கைதாகியிருந்தார். இங்கேதான் தேடலின் மையமான ஆவணம் வருகிறது: 'ஆர். கே. டால்மியா எதிர் டெல்லி நிர்வாகம்', உச்சநீதிமன்றம், 1962 ஏப்ரல் 5. நீளமான தீர்ப்பு. பொறுமையாக, பேரேடு புரட்டுகிற கணக்குப்பிள்ளையின் நிதானத்தோடு படிக்க வேண்டும்.

டால்மியா பாரத் இன்சூரன்ஸ் கம்பெனியின் தலைவர், முதன்மை அதிகாரியும் அவரே. ஒன்பது பெயர்ப் பட்டியலில் பார்த்த பாரத் யூனியன் ஏஜென்சீஸ் பம்பாயில் பங்குகளில் முன்பேர வணிகம் செய்து நஷ்டப்பட்டுக்கொண்டே இருந்தது. 1954 ஆகஸ்டிலிருந்து 1955 செப்டம்பர் வரை அந்த நஷ்டத்தை அடைக்க, பம்பாய் சார்ட்டர்ட் வங்கியில் இருந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் கணக்கிலிருந்து பணம் போனது. புத்தகத்தில் அது அரசுப் பத்திரம் வாங்கிய செலவாக ஏறியது. பத்திரம் வரவில்லை. நிதி அமைச்சக அதிகாரி பத்திரங்களை நேரில் காட்டும்படி கேட்டபோது விஷயம் உடைந்தது. 1955 செப்டம்பர் 19 அன்று அன்னதானம் என்ற பட்டயக் கணக்காளரை அரசு விசாரணைக்கு நியமித்தது. மறுநாளே டால்மியா அவரிடம் எழுத்தில் ஒப்புக்கொண்டார்: ஊக வணிகத்தில் இழந்த தொகை 2 கோடியே 20 லட்சம் ரூபாய் அளவில், உறவினர்களைக் கேட்டாவது பாலிசிதாரர்களுக்கு முழுவதையும் ஈடுகட்டுவேன் என்று.

நீதிமன்றத்தில் வாதம் வேறு திசையில் போனது. வங்கிக் கணக்கில் கிடக்கும் பணம் நம்பிக்கை மோசடிச் சட்டம் சொல்லும் 'சொத்து' ஆகுமா? கணக்கை இயக்கும் அதிகாரம் இன்னொருவருக்கும் இருக்கும்போது தலைவரைக் குற்றவாளி என்னலாமா? ஆகும், என்னலாம் என்றது உச்சநீதிமன்றம். இரண்டாண்டு சிறைத் தண்டனை உறுதியானது. இந்தியக் கம்பெனி வரலாற்றில் இவ்வளவு பெரிய குழுமத்தின் தலைவர் சிறைக்குப் போனது அரிய நிகழ்வு, இன்றுவரை.

பாரத் இன்சூரன்ஸ் நமக்குத் தொலைவான பெயர் இல்லை. சென்னை அண்ணா சாலையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை முனையில் நிற்கும் செங்கல் நிறக் கட்டடம் அதனுடையதுதான். 1934-இல் அந்தக் கம்பெனி வாங்கியது, பிறகு எல்.ஐ.சி.க்குப் போனது. 2006-இல் இடிக்கப் புறப்பட்டபோது பாரம்பரிய ஆர்வலர்கள் வழக்குப் போட்டுத் தடுத்தார்கள். கம்பெனியை 1896-இல் லாகூரில் தொடங்கிய லாலா ஹர்கிஷன் லாலின் கதையும் துயரமானது. அவருடைய பீப்பிள்ஸ் வங்கி 1931-இல் முடங்கி, அவரே திவாலானார். அதன் பிறகுதான் இன்சூரன்ஸ் டால்மியா கைக்கு வந்தது.

விளைவுகள் விரைவாக வந்தன. 1956 ஜனவரி 19 அன்று ஆயுள் காப்பீட்டை அரசு அவசரச் சட்டத்தால் எடுத்துக்கொண்டது. 245 நிறுவனங்கள் சேர்ந்து செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. ஆனது. டால்மியா விவகாரம் மட்டுமே இதற்குக் காரணம் அன்று. ஆனாலும் தயங்கிக்கொண்டிருந்தவர்களின் தயக்கத்தை அது போக்கியது என்பது என் கணிப்பு. 1963-இல் விவியன் போஸ் அறிக்கை வெளியானதும், கம்பெனிச் சட்டத்தை எப்படித் திருத்தலாம் என்று சொல்ல சட்ட வல்லுநர் டப்தரியும் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ஏ. வி. விஸ்வநாத சாஸ்திரியும் அமர்த்தப்பட்டார்கள்.

குடும்பம் 1948-இலேயே சொத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. பீகாரின் டால்மியாநகர், ரோத்தாஸ் ஆலைகளோடு, ஜெயின் பக்கம் போனது. 1984-இல் அங்கே வேலை நின்றது, பின்னர் அந்த வளாகத்தை ரயில்வே வாங்கியது. நம் ஆலை ஜெய்தயாளுக்கு வந்தது. அது இன்றும் சிமெண்ட் சுடுகிறது. ஒரே குடும்பம் பெயர் வைத்த இரண்டு ஊர்களின் விதி இப்படிப் பிரிந்ததற்கு அந்தப் பாகப்பிரிவினைக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன். அண்ணனின் சூதாட்டக் கடன் தம்பியின் ஆலைக் கணக்குக்குள் நுழையாமல் போனது.

1953-இல் தண்டவாளத்தில் படுத்தவர்கள் ஊரின் பெயரை மீட்டார்கள். அது நியாயமான போராட்டம், வென்ற போராட்டம். அதற்கு இரண்டே ஆண்டுகளில் அதே பெயருக்குப் பின்னால் பாலிசிதாரர்களின் பணம் போன கதை வெளிவந்தது. நம் மேடைகள் முதல் கதையை ஆயிரம் முறை சொல்லின. இரண்டாவதை ஏறக்குறைய சொல்லவே இல்லை. முதலாளியின் ஊரைப் பார்த்த அளவுக்கு அவருடைய பேரேட்டை நாம் பார்க்கவில்லை.

தீர்ப்புகள் டெல்லியின் குரலில் பேசுகின்றன. பாலிசி எடுத்தவரின் குரல் அவற்றில் இல்லை. ஸ்ரீரங்கத்திலோ உறையூரிலோ லால்குடியிலோ உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பாரத் இன்சூரன்ஸ் பாலிசி, பிரீமிய ரசீது, பாரத் வங்கி பாஸ்புக், டால்மியா கம்பெனிப் பங்குப் பத்திரம் ஏதாவது கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மாவட்ட மைய நூலகத்திலோ, பக்கத்துக் கல்லூரியின் வரலாற்றுத் துறையிலோ கொடுத்து ஒரு நகலாவது எடுக்கச் சொல்லுங்கள்.