தென்திருவிதாங்கூர் நடைவழிகள்

தென்திருவிதாங்கூர் நடைவழிகள் என்பவை, திருவனந்தபுரத்துக்கும் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கும் இடையிலுள்ள மேடுபள்ளமான சிற்றூர் நிலத்தினூடே, ஆண்டில் குறித்த சில நாட்களில் மட்டும் மக்கள் திரளாக நடந்து கடக்கும் மரபுவழிப் பாதைகளாகும். இவற்றுள் முதன்மையானவை இரண்டு. விளவங்கோடு, கல்குளம் வட்டங்களிலுள்ள பன்னிரண்டு சிவன் கோயில்களைக் கோக்கும் சிவாலய ஓட்டத்தின் வழி ஒன்று. பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் கோட்டைக்கு மூன்று நாள் நடையாக வரும் நவராத்திரி எழுந்தருளலின் வழி மற்றொன்று. திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கும் அகத்தியர்கூடத்துக்கு ஏறும் பாதையும் புகழ்பெற்றதே எனினும், அது வனத்துறையின் அனுமதி பெற்றுச் செல்லும் காட்டுப் பாதையாதலால், ஊர்களின் நடுவே செல்லும் வழிகளைப் பற்றிய இக்கட்டுரையில் இடம்பெறவில்லை.

நிலமும் ஊர்ப்பெயர்களும்

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அரபிக் கடலுக்கும் இடைப்பட்ட இப்பகுதி, செம்புரைக்கல் மேடுகளும் அவற்றின் இடையே நெளிந்து கிடக்கும் வயல் தாழ்வுகளுமாக அமைந்தது. கால்மணி நேரம் நடப்பவர் ஒருமுறையேனும் ஏறி ஒருமுறையேனும் இறங்காமல் இருக்க முடியாது. வயல் பரந்த தாழ்நிலத்தை இவ்வட்டாரத்தார் ‘ஏலா’ என்றும், தென்னையும் வாழையும் மரச்சீனியும் நிற்கும் மேட்டுத் தோட்ட நிலத்தை ‘விளை’ என்றும் வழங்குவர். ‘கோடு’ என்பது மலைமுகட்டுக்கும் சரிவுக்கும் உரிய பழந்தமிழ்ச் சொல். ஆகவே களியக்காவிளை, விளவங்கோடு, திருவிதாங்கோடு, மேலாங்கோடு, குழித்துறை, நெய்யாற்றின்கரை என்று வழியிலுள்ள ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொன்னாலே, எங்கே ஏற்றம், எங்கே தோட்டம், எங்கே ஆற்றைக் கடக்கும் துறை என்பது ஓரளவு விளங்கிவிடும். மலையடிவாரத்தை நெருங்கும்போது தென்னை குறைந்து ரப்பர்த் தோட்டங்கள் மிகுகின்றன. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழையும் இந்நிலத்தின் விளைச்சலே.

வண்டிப் பாதைகள் வருமுன் தலைச்சுமையாகவே பொருள் சென்ற நாடு இது என்பதற்குச் சான்றாகச் சுமைதாங்கிக் கற்கள் இன்றும் சில சாலையோரங்களில் எஞ்சியிருக்கின்றன. இரண்டு கற்களை நட்டு, மூன்றாவதை அவற்றின் மேல் கிடத்தி, நிற்கும் ஆளின் தலை மட்டத்துக்கு ஒட்டிய உயரத்தில் அமைத்திருப்பதால், சுமப்பவர் யாருடைய கையையும் எதிர்பாராமல் சுமையைக் கல்லின்மேல் நகர்த்திவிட்டு இளைப்பாறலாம். கிளம்பும்போது அதே உயரத்திலிருந்து தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். சூலுற்ற நிலையில் இறந்த பெண்ணின் சுமை இறங்கவேண்டும் என்று அவள் வீட்டார் இக்கல்லை நடுவது தமிழ்நாடெங்கும் இருந்த வழக்கம். வழிப்போக்கர் தங்குவதற்கான கல்மண்டபங்களுக்கு இங்கு ‘வழியம்பலம்’ என்று பெயர்.

நடைவழி என்றதும் இன்றைய வாசகருக்கு நினைவில் எழக்கூடியவை பிரான்சு நாட்டின் நாட்டுப்புறப் பாதைகள். அங்கு 1947 முதல் நெடுநடைப் பாதைகள் திட்டமிட்டு வகுக்கப்பட்டு, மரத்திலும் பாறையிலும் வெள்ளை, சிவப்புப் பட்டைகள் தீட்டப்பட்டு, தன்னார்வலர்களால் பேணப்படுகின்றன; லெ புய் நகரிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகு திருத்தலத்தை நோக்கிச் செல்லும் பழைய யாத்திரை வழியும் அவற்றுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருப்பதால், பக்தி இல்லாதவரும் ஆண்டின் பெரும்பகுதி அதில் நடக்கிறார்கள். தென்திருவிதாங்கூரின் வழிகளுக்கு இத்தகைய தீட்டிய குறி ஏதுமில்லை. இங்கே குறியாக இருப்பது திதி. மாசி மாதத் தேய்பிறைச் சதுர்த்தசியும் புரட்டாசி அமாவாசையும் வரும்போது வழி உயிர்பெறுகிறது. மறுவாரம் அதே வழி பேருந்தும் லாரியும் ஓடும் சாலையாகவோ ரப்பர்த் தோட்டத்து ஒற்றையடித் தடமாகவோ மாறிவிடுகிறது.

சிவாலய ஓட்டம்

மகா சிவராத்திரிக்கு முந்திய நாள் முஞ்சிறைத் திருமலை மகாதேவர் கோயிலில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்னும் வரிசையில் சென்று, பன்னிரண்டாவதான திருநட்டாலத்தில் சிவராத்திரி இரவில் முடிவது இந்நடை. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கொண்ட இவ்வழியைச் செருப்பின்றிக் கடக்கவேண்டும். பெயர் ஓட்டம் என்றாலும், பெரும்பாலோர் ஓடுவதும் நடப்பதுமாகவே செல்கின்றனர். காவியோ மஞ்சளோ தோய்ந்த வேட்டி, திருநீற்றுக்கும் வழிச்செலவுக் காசுக்குமான சிறு துணிப்பை, கையில் ஒரு பனையோலை விசிறி ஆகியவையே இவர்களின் உடைமை. ஒவ்வொரு கோயிலிலும் குளத்திலோ ஆற்றிலோ மூழ்கி, ஈர வேட்டியோடு இறைவனை வணங்கி, அந்த விசிறியால் வீசிவிட்டு அடுத்த ஊருக்கு நகர்வர்.

சிவன் கோயில்களுக்குச் செல்பவர்கள் வழிநெடுக ‘கோவிந்தா, கோபாலா’ என்று முழங்குவது அயலாருக்கு வியப்பாகத் தோன்றலாம். இதற்குக் காரணமாகச் சொல்லப்படும் கதையில், சிவபக்தியும் விஷ்ணு வெறுப்பும் கொண்ட புருஷாமிருகத்திடம் பால் பெற்றுவர வீமன் அனுப்பப்படுகிறான். கண்ணன் அவனிடம் பன்னிரண்டு உருத்திராக்கங்களைக் கொடுத்து, மிருகம் நெருங்கும்போது ஒவ்வொன்றாகக் கீழே போடச் சொல்கிறான். திருமால் பெயரைக் கேட்டுச் சினந்து துரத்தும் மிருகம், உருத்திராக்கம் விழுந்த இடத்தில் இலிங்கம் தோன்றக் கண்டு பூசைக்காக நின்றுவிடுகிறது; அந்த இடைவெளியில் வீமன் ஓடுகிறான். நடப்பவர்கள் வீமனாகி அவன் ஓடிய வழியையே மீண்டும் ஓடுகிறார்கள் என்பது இச்சடங்கின் உட்பொருள். கடைசி ஊரான நட்டாலத்தில் இறைவன் சங்கரநாராயணனாக இருப்பதும், பிற கோயில்களில் திருநீறு வழங்கப்பட இங்கு சந்தனம் வழங்கப்படுவதும் கதைக்குப் பொருந்திய முடிவு.

வழியின் தொன்மைக்குக் கதையைவிடக் கல்லும் செப்பேடும் உறுதியான சான்றுகள். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ஆம் ஆண்டில் முஞ்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்துப் பெற்ற இடத்தில், 95 மாணாக்கர் உண்டு பயிலும் சாலையொன்றைப் பார்த்திவசேகரபுரத்தில் நிறுவியதைச் செப்பேடு கூறுகிறது. ஓட்டம் தொடங்கும் ஊருக்கு அருகில்தான் இன்று பார்த்திவபுரம் எனப்படும் அவ்வூர் உள்ளது. நான்காம் தலமான திருநந்திக்கரையில் கோயிலை ஒட்டியுள்ள குடைவரை, வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் மங்கிய சுவரோவியங்களும் கொண்டது. திக்குறிச்சிக்கு அண்மையிலுள்ள சிதறால் மலையில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகப் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. கல்குளத்துக் கோயில் பத்மநாபபுரம் கோட்டைக்குள்ளும், பத்தாம் தலம் திருவிதாங்கூர் நாட்டுக்கே பெயர் தந்த திருவிதாங்கோட்டிலும் இருப்பதால், ஒரு நாட்டின் தலைநகர்கள் இடம்பெயர்ந்த வரலாற்றின் குறுக்காகவே இப்பாதை செல்கிறது எனலாம்.

சுக்குநீரும் மோரும் கஞ்சியும் வழியோர வீட்டார் தாமே காய்ச்சி வைத்துக் கொடுப்பவை. அண்மைக் காலமாக மோட்டார் சைக்கிளிலும் வேனிலும் பன்னிரண்டு கோயில்களையும் சுற்றிவருவோர் தொகை பெருகியுள்ளது. தரிசனம் அதனால் கிடைக்கலாமே தவிர, அதை ஓட்டம் என்று சொல்வது பொருந்தாது.

நவராத்திரி எழுந்தருளல்

மார்த்தாண்ட வர்மர் (1729–1758) காலத்தில் பத்மநாபபுரம் என்று பெயர் சூடிய கல்குளம், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்தது. தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியபின் நவராத்திரி விழாவும் அங்கு மாறியது; ஆனால் பூசைக்குரிய தெய்வத் திருமேனிகள் இடம் மாறவில்லை. ஆண்டுதோறும் அவை விழாவுக்குச் சென்று திரும்பவேண்டிய தேவை இப்படித்தான் ஏற்பட்டது.

பத்மநாபபுரம் அரண்மனையின் பூசையிடமான தேவாரக்கட்டிலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் புறப்படுகின்றனர். கம்பர் வழிபட்டுப் பின்னர் சேர மன்னருக்குக் கிடைத்தது இச்சரஸ்வதி திருமேனி என்பது மரபுவழிச் செய்தி. அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் கைமாற்றித் தரப்பட்டதும் ஊர்வலம் கிளம்புகிறது. சரஸ்வதிக்கு யானையும் மற்ற இருவருக்கும் பல்லக்கும் என்பது நெடுநாள் வழக்கம். முதல் இரவு குழித்துறை மகாதேவர் கோயிலிலும், இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயிலிலும் தங்கல். மூன்றாம் நாள் மாலையில் கரமனை வழியாக நகருக்குள் வருகை.

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழ்நாட்டோடு இணைந்தபோது, ஒரு நாட்டுக்குள் நிகழ்ந்த இவ்வூர்வலம் இரு மாநிலங்களுக்கிடையே நிகழ்வதாயிற்று. களியக்காவிளையில் எல்லையைக் கடக்கும்போது கேரளக் காவலர் அணிவகுத்து மரியாதை செய்து திருமேனிகளை வரவேற்கின்றனர். தமிழ்நாட்டு மண்ணிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதையும் சேர்த்து நோக்கினால், நிருவாக எல்லை எங்கே கிழிக்கப்பட்டாலும் நடந்து பழகிய வழி அதற்கு முழுதாகக் கட்டுப்படுவதில்லை என்பது தெளிவாகும்.

எல்லைக்கு அப்பாலும் தமிழின் தடம் மறைவதில்லை. பாலராமபுரத்தின் கைத்தறி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலராம வர்மர் காலத்தில் தெற்கிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்தப்பட்ட சாலியர்களால் வளர்ந்தது. கரமனையில் தமிழ்ப் பிராமணர்களின் அக்கிரகாரங்கள் உள்ளன. நகரை அடைந்தபின் சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலையிலும், முன்னுதித்த நங்கை செந்திட்டையிலும் எழுந்தருளுகின்றனர்.

நவராத்திரி மண்டபத்தின் கூரையிலிருந்து மண்பானைகள் கவிழ்த்துத் தொங்கவிடப்பட்டிருக்கின்றன. பாடுபவரின் குரல் அவற்றுள் புகுந்து செறிவோடு ஒலிக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. சுவாதித் திருநாள் இயற்றிய ஒன்பது நவராத்திரிக் கிருதிகளுள் நாளுக்கொன்று அங்கு முதன்மையாகப் பாடப்படும். முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, ஒன்பதாம் நாள் ஆரபி. பெண்கள் பாட இடமில்லாதிருந்த இம்மேடையில் 2006-ல் முதன்முதலாகப் பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். அவருடைய பெயரிலுள்ள பாறசாலை, ஊர்வலம் களியக்காவிளையைத் தாண்டியதும் வரும் ஊர்.

விஜயதசமியன்று குமாரசுவாமி வெள்ளிக் குதிரையில் பூஜைப்புரைக்குச் சென்று ‘பள்ளிவேட்டை’ எனும் வேட்டைச் சடங்கை நிகழ்த்துகிறார். அதன்பின் ‘நல்லிருப்பு’ எனப்படும் ஒரு நாள் ஓய்வு. மறுநாள் காலையில் மூன்று திருமேனிகளும் கரமனை ஆற்றைக் கடந்து, நெய்யாற்றின்கரையிலும் குழித்துறையிலும் முன்போலவே இரவு தங்கி, வந்த வழியே பத்மநாபபுரத்துக்குத் திரும்பிச் செல்கின்றன.