பழைய காருக்குப் புதிய புகைக்குழாய்

மலாக்கா என்றவுடன் வரலாறு பயின்றோர்க்குப் பரமேசுவராவும், 1511இல் கோட்டையைக் கைப்பற்றிய போர்த்துகீசியரும், அவர்க்குப் பின் வந்த டச்சுக்காரரும் நினைவுக்கு வருவர். மோட்டார் கார் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும் காரின் வரலாற்றில் இம்மாநிலத்துக்கு உரிய பங்கு சிறிதன்று. செருமனியின் கார்ல் பென்சு தம் மூன்று சக்கர ஊர்திக்கு 1886இல் காப்புரிமை பெற்றார். காற்றடைத்த டயருக்கு டன்லப் 1888இல் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளுக்குள், 1896இல், மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர்க் கன்றுகளை வாணிக நோக்குடன் நட்டார். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி ஊர்தோறும் எடுத்துரைத்தும் காப்பித் தோட்டக்காரர் பலர் செவிசாய்க்காத காலம் அது. அடுத்து புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. 1908இல் ஃபோர்டு நிறுவனத்தின் ‘டி’ மாடல் கார் வெளிவந்து, 1910இல் ரப்பர் விலை வானளாவ உயர்ந்தபோது, ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தெபோங் வட்டாரங்களெங்கும் காடு அழிந்து பால்மரம் நிமிர்ந்தது. அதன் அடியில் கத்தியும் வாளியுமாகத் தமிழன் நின்றான்.

அவன் வெட்டிய பால் தாளாகிப் புகைவீட்டில் காய்ந்து, கப்பலேறி, டயராகத் திரும்பி வந்தது. திரும்பி வந்த டயர் துரையின் காரில் இருந்தது. லயத்துச் சிறுவர்க்குக் கார் என்பது மண்சாலையில் புழுதி கிளப்பிச் செல்லும் ஒரு காட்சி. அதனினும் முந்தி வருவது அதன் ஓசை. இன்ன கார் வருகிறது என்பதை ஓசையைக் கொண்டே சொல்லக் கற்றவர் தோட்டங்களில் பலர் இருந்தனர். துரை வருவதை முன்கூட்டி அறிவது வெளிக்காட்டில் நிற்போர்க்குப் பயனுள்ள கலையன்றோ!

அந்த ஓசை பிறக்கும் இடத்தையும், அதனை மாற்றியமைத்த தொழில்நுட்பத்தையும் பற்றியதே இவ்வரலாறு. அதற்கு முன், மலாக்காவில் மோட்டார்த் தொழில் வேரூன்றியதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. 1905 முதல் தம்பினுக்கும் மலாக்கா நகருக்கும் இடையே கிளை இருப்புப் பாதை ஒன்று இயங்கியது. சப்பானியர் ஆட்சியில் அத்தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டன. அதே பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களும் பல்லாயிரவராகக் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பாதவர் மிகப் பலர். தண்டவாளமும் திரும்பவில்லை. போருக்குப் பின் மலாக்கா நகருக்கு வரும் சரக்கும் செல்லும் ரப்பரும் லாரியையே நம்பின. லாரி இருந்தால் பட்டறை இருக்கும். பட்டறை இருந்தால் கையில் கிரீசு படிந்த பையன் ஒருவன் இருப்பான்.

காரின் எந்திரத்தில் பெட்ரோல் எரிந்தபின் எஞ்சும் புகை, சிலிண்டர் எனப்படும் உருளைகளிலிருந்து வால்வு வழியே வெளியேறும். நான்கு உருளைகளின் புகையையும் ஒன்றாகத் திரட்டிப் பின்புறக் குழாய்க்கு அனுப்பும் உறுப்பை மெனிஃபோல்ட் என்பர். தொழிற்சாலைகள் அதனை நெடுங்காலம் வார்ப்பிரும்பில் செய்தன. வார்ப்பிரும்பு மலிவு, ஓசையை அடக்கும், பல்லாண்டு உழைக்கும். குறை ஒன்றே. கட்டையாகவும் குறுகலாகவும் அமைந்த அதனுள் ஒவ்வோர் உருளையின் புகையும் அடுத்ததன் புகையோடு முட்டிக்கொள்ளும். ஒன்றின் வால்வு மூடுமுன் அடுத்ததன் வால்வு திறந்து விடுவதால், வெளியேற வேண்டிய புகை மீண்டும் உள்ளே தள்ளப்படுவதும் உண்டு. இவ்வுறுப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனியே நீண்ட எஃகுக் குழாய் வைத்து, அவற்றைத் தக்க தொலைவில் ஒன்றிணைப்பதே பந்தயக்காரர் கண்ட வழி. அமெரிக்கர் இதனை ஹெடர் என்றனர். மலேசியப் பட்டறைகளில் வழங்கும் பெயர் எக்ஸ்டிராக்டர். உறிஞ்சி இழுப்பது என்பது பொருள். இப்பெயரே பொருத்தமானது.

ஏனெனில் குழாய் வெறுமனே வழிவிடுவதில்லை, இழுக்கவும் செய்கிறது. நிமிடத்துக்கு 6000 சுற்றுச் சுழலும் எந்திரத்தில் ஒவ்வோர் உருளையும் நொடிக்கு 50 முறை புகையைக் கக்கும். ஒவ்வொரு முறையும் ஓர் அழுத்த அலை, சூடான வாயுவில் ஒலியின் வேகத்தில் குழாய் வழியே ஓடுகிறது. குழாய் அகன்ற வெளியில் முடியும் இடத்தை அடைந்ததும் அவ்வலை தாழ் அழுத்த அலையாக மாறித் திரும்பி வருகிறது. வால்வு மூடுவதற்குச் சற்று முன் அது வந்து சேருமாயின், உருளையில் எஞ்சிய புகையை உறிஞ்சி, புதிய எரிகலவையையும் உள்ளே இழுத்துவிடும். முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும் பயனில்லை. ஆகவே குழாயின் நீளமே உயிர். நீண்ட குழாய் நடுத்தர வேகத்தில் வலிமை தரும். குறுகிய குழாய் உச்ச வேகத்தில் தரும். 1, 3, 4, 2 என்னும் வரிசையில் எரியும் எந்திரத்தில் 1ஐயும் 4ஐயும் ஓர் இணையாகவும், 2ஐயும் 3ஐயும் மற்றோர் இணையாகவும் சேர்த்து, பின்னர் இரண்டையும் ஒன்றாக்குவது ஏன் எனில், இணைந்த இரண்டும் ஒருபோதும் அடுத்தடுத்து எரிவதில்லை.

அலையை ஆளும் இக்கலையின் உச்சத்தைத் தொட்டவர் கார்க்காரர் அல்லர். கிழக்குச் செருமனியின் எம்.இசட். மோட்டார்சைக்கிள் நிறுவனப் பொறியாளர் வால்டர் காடன். இரண்டடி எந்திரத்துக்கு, நடுவில் பருத்தும் இறுதியில் ஒடுங்கியும் அமைந்த புகைக்குழாயை அவர் 1950களில் செம்மைப்படுத்தினார். 1961இல் அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் பந்தயத்தின்போது மேற்கு நாடுகளுக்குத் தப்பியோடி, சப்பானின் சுசுகி நிறுவனத்தில் சேர்ந்தார். காடனின் நுட்பமும் அவரோடு சென்றது. மறு ஆண்டே, 1962இல், 50 சிசி பிரிவில் சுசுகிக்கு உலகப் பட்டம் கிடைத்தது. உழைத்தவர் ஒருவர், பயன் கொண்டவர் வேறொருவர் என்னும் கதை தோட்டத்துத் தமிழர்க்குப் புதிதன்று. பின்னாளில் சப்பானிய இரண்டடி மோட்டார்சைக்கிள்கள் மலாக்காத் தோட்டப் பாதைகளிலும் ஒலித்தன; காடனின் பெயர் அங்கு ஒலித்ததில்லை.

மலாயாவில் கார்ப் பந்தயம் வெள்ளையர் பொழுதுபோக்காகத் தொடங்கிற்று. சிங்கப்பூரின் தாம்சன் சாலையில் 1961இல் நடந்த முதற்பெரும் பந்தயத்தில் ஆஸ்டன் மார்ட்டின் ஓட்டிய இயன் பார்ன்வெல் வென்றார். அடுத்த ஆண்டு அது மலேசியாவின் பெயரால் நடந்தபோது, யோங் நாம் கீ ஜாகுவார் ஈ–டைப் காரில் வென்றார். ஓராண்டுக்குள் வெற்றி உள்ளூர்க் கைக்கு மாறிற்று. 1968இல் கோலாலம்பூருக்கு அருகே பத்து தீகாவில் நிலையான பந்தயப் பாதை அமைந்தது. பந்தயம் பார்த்துத் திரும்பிய இளைஞர், தம்மிடமோ தம் முதலாளியிடமோ இருந்த பழைய எம்.ஜி., டிரையம்ஃப், மினி கார்களுக்கு அதே குழாய் வேண்டுமென விரும்பியது இயல்பே.

அவ்விருப்பத்தை நிறைவேற்றும் பணி பட்டறைக்கு உரியது. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் உருவான எம்.ஜி.பி. காரை எடுத்துக்கொண்டால் அப்பணியின் தன்மை விளங்கும். 1798 சிசி கொண்ட அதன் எந்திரத்தில் உருளை நான்காயினும் புகைவாயில் மூன்றே. 2, 3 ஆகிய நடு உருளைகள் ஒரே வாயிலைப் பகிர்ந்து கொள்கின்றன. ஆதலின் புதிய குழாய்த் தொகுதியும் மூன்று கிளைகளையே கொண்டிருக்கும்.

முதல் இடர் கழற்றுவதில் வரும். இருபது முப்பது ஆண்டு வெப்பத்திலும் ஈரத்திலும் வெந்த நட்டுகள் எளிதில் அசையா. முதல்நாள் மாலையே எண்ணெயிட்டு ஊறவைத்து, மறுநாள் அனல் காட்டி, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருப்புவது அறிந்தவர் முறை. அவசரப்பட்டவர் ஸ்டட் எனப்படும் திருகாணியை முறித்துவிடுவார். முறிந்த துண்டைத் துளையிட்டு எடுப்பது அரைநாள் வேலை. துளை கோணினால் எந்திரத்தின் தலையே பழுது.

இரண்டாவது இடர் நுட்பமானது. எம்.ஜி.பி.யில் காற்று உட்செல்லும் வழியும் புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கத்தில், ஒரே கேஸ்கெட்டின் மேல், பொதுவான நட்டுகளால் இறுக்கப்பட்டுள்ளன. புதிய குழாயின் தகட்டுக் கனம் பழைய உறுப்பின் கனத்தோடு ஒத்திராவிடில், ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்து நிற்கும். புகைப் பக்கம் கசிந்தால் ஓசையால் தெரிந்துவிடும். உட்காற்றுப் பக்கம் கசிந்தாலோ, வெளிக்காற்று புகுந்து எரிகலவை மெலிந்து, வால்வு கருகும் வரை தெரியாது. நேர்கோல் வைத்துத் தகட்டின் சமன் பார்ப்பதும், கனம் குறைந்த பக்கத்தில் வளையம் இட்டு நிரவுவதும் இதனாலேயே. பழங்கால கேஸ்கெட்டுகளிலும் குழாய் சுற்றும் துணிகளிலும் கல்நார் கலந்திருந்தது. அதனைச் சுரண்டி எடுத்த பையன்கள் மூக்கை மூடவில்லை. மூடச் சொன்னவரும் இல்லை.

மூன்றாவது, வெப்பம். கார்புரேட்டர்கள் குழாய்க்கு நேர் மேலே அமர்ந்துள்ளன. மெல்லிய எஃகுக் குழாய், கனத்த வார்ப்பிரும்பைவிட மிகுதியாக அனலை வீசும். இங்கிலாந்தின் குளிருக்கு ஏற்ற அமைப்பு, நண்பகலில் மலாக்கா நகரின் நெரிசலில் பெட்ரோலை ஆவியாக்கி வண்டியை நிறுத்திவிடும். இடையே தகடு வைத்துத் தடுக்க வேண்டும். குழாயைத் துணியால் சுற்றுவதும் உண்டு. ஆனால் மழை மிகுந்த நாட்டில் அத்துணி ஈரத்தைத் தாங்கி நின்று குழாயை அரித்துவிடும். கடலோரக் காற்றின் உப்பு, துணி சுற்றாமலே அவ்வேலையைச் செய்யும்.

எல்லாம் பொருத்தியபின் கார்புரேட்டரின் ஊசியை மாற்றிக் கலவையைத் திருத்த வேண்டும். முதல் ஓட்டத்தில் சூடேறி ஆறியபின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்க வேண்டும். இவ்விரண்டையும் விடுத்து, ஓசை பெருத்ததையே வலிமை பெருத்ததாகக் கருதி மகிழ்ந்தவர் பலர். உண்மையில் எம்.ஜி.பி.யின் தொழிற்சாலை வார்ப்பு ஓரளவு நன்றாகவே அமைந்தது. ஏனைய மாற்றங்கள் எவையும் செய்யாமல் குழாயை மட்டும் மாற்றினால் கிடைக்கும் பயன் சிறிதே. காசு கொடுத்தவரிடம் இதனைச் சொல்லும் பட்டறைக்காரர் அரியர்.

மலேசியாவில் ஆயத்தக் குழாய் இறக்குமதியாகிக் கிடைத்தது. தமிழகத்தில் நிலை வேறு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில், 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் விளையாட்டுச் சங்கம் பந்தயங்களை நடத்தி வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்ததால் ஓடியவை பெரும்பாலும் உள்நாட்டு ஃபியட், ஹெரால்டு, அம்பாசடர் கார்களே. சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் அடிச்சட்டமே இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காருக்கு மூலம் என்பதைப் பலர் அறியார். வாங்க இயலாததை அங்குச் செய்தே ஆகவேண்டியிருந்தது. குழாயில் உலர்ந்த மணலைக் கெட்டித்து, இருமுனையும் அடைத்து, செஞ்சூட்டில் வளைத்தால் மடிப்பு விழாது என்பது கொல்லர்க்குத் தெரிந்த பழைய உத்தி. இத்தகைய கைத்திறன் சூழலில் வளர்ந்த கோவை கரிவர்தன், 1988இல் மாருதி 800இன் எந்திரத்தைக் கொண்டு ஃபார்முலா மாருதிப் பந்தயக் காரை உருவாக்கினார். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். கோவைக்கு அருகிலுள்ள பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மலேசியாவில் கைத்திறன் வேறு வழியில் வந்தது. 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது குடும்பங்கள் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தன. அதனைத் தடுக்கத் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். எல்லாத் தோட்டங்களையும் காத்தல் எவர்க்கும் இயலுவதன்று. 1969இல் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதிச் சிக்கலும் சேர்ந்தது. லயத்தை விட்டு நகர்ந்த இளைஞர் பலர் லாரி உதவியாளராகவும், சீனர் பட்டறைகளில் எடுபிடியாகவும் சேர்ந்து, பார்த்தும் திட்டு வாங்கியும் வெல்டிங் கற்றனர். சான்றிதழ் எவரும் தரவில்லை. துரையின் கார் வருவதை ஓசையால் அறிந்த தலைமுறைக்குப் பின், அதே ஓசையைக் கேட்டு எந்த உருளை சரியாக எரியவில்லை என்று சொல்லும் தலைமுறை வந்தது.

ஓசைக்கும் சட்டம் வந்தது. ஒலியடக்கியைக் கட்டாயமாக்கிய 1959ஆம் ஆண்டு வாகன விதிகளுக்குத் துணையாக, மோட்டார் வாகன ஒலி குறித்த சுற்றுச்சூழல் விதிகள் 1987இல் பிறந்தன. எக்ஸ்டிராக்டர் பொருத்தியவரும் பின்னால் ஒலியடக்கியை விட்டுவிட இயலாது.

பால்மரம் நிறைந்திருந்த அலோர் காஜா மாவட்டத்தில், பெகோவில், 2003 முதல் ஹோண்டா நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலை இயங்குகிறது. ஒரு காலத்தில் காருக்கு ரப்பரை அனுப்பிய மண்ணிலிருந்து இன்று காரே உருண்டு வெளியே வருகிறது. ஹோண்டாவின் புதிய எந்திரங்கள் பலவற்றில் நான்கு புகைவழிகளும் எந்திரத்தின் தலைக்குள்ளேயே ஒன்றாக வார்க்கப்பட்டு, ஒரே வாயிலாக வெளிவருகின்றன. அவற்றில் கழற்றுவதற்கு மெனிஃபோல்ட் இல்லை. மூன்று கிளையோ நான்கு கிளையோ வைத்துப் பொருத்த இடமும் இல்லை. குழாய் மாற்ற விரும்புவோர் பழைய காரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். முதல்நாள் மாலையே நட்டுக்கு எண்ணெயிட அறிந்த பட்டறைக்காரரையும்.