தூரமாகக் கொண்டு போ!

1884ஆம் ஆண்டு கோடையில், ரோம் நகரின் எஸ்க்விலைன் குன்றை ஒட்டிய பகுதியில் மண் வெட்டிய ஆட்களை அடிக்கடி மாற்றி மாற்றி இறக்க வேண்டியிருந்தது. வெட்ட வெட்டக் கிளம்பிய நாற்றத்தை, எதற்கும் அசராத அந்த வேலைக்காரர்களாலேயே தாங்க முடியவில்லை. இருபது நூற்றாண்டுகளாக மக்கிக் கிடந்த மண் அது. அகழ்வை மேற்பார்த்த தொல்லியலாளர் ருடால்ஃபோ லான்சியானி இதைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

அன்று அங்கே கிடைத்தது ஓர் எல்லைக்கல். செனட் சபையின் தீர்மானப்படி, லூசியஸ் சென்டியஸ் என்ற பிரேட்டர் பதவி அதிகாரி நட்டது. காலம், கி.மு. 1ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. இந்தக் கற்களைத் தாண்டி நகரத்தின் பக்கம் யாரும் பிணம் எரிக்கக் கூடாது, சாணமும் கழிவும் கொட்டக் கூடாது, பிணத்தை எறியக் கூடாது என்று சட்ட மொழியில் அதில் செதுக்கியிருந்தது. கல்லின் அடியில் சிவப்பு மையால் யாரோ இன்னொரு வரியும் எழுதியிருந்தார்கள். கழிவைத் தூரமாகக் கொண்டு போ, இல்லையென்றால் வம்பில் மாட்டுவாய் என்பது அதன் பொருள். செதுக்கிய சட்டத்துக்கு யாரும் மசியவில்லை, அதனால்தான் தெருப் பேச்சில் ஒரு மிரட்டல் தேவைப்பட்டது என்று ஊகிக்கலாம். நம் ஊர்ச் சுவர்களில் 'இங்கு குப்பை கொட்டாதீர்' என்ற பலகைக்குக் கீழே 'மீறினால்…' என்று கரியால் எழுதியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஊர்க்குப்பை இந்த இடத்துக்கு ஏன் வந்து சேர்ந்தது? நகரின் பழைய மதில் இங்கே மண்ணணையும் அகழியுமாக இருந்தது. அகழி 100 அடிக்கு மேல் அகலம், 30 அடி ஆழம் என்கிறார் பண்டைய வரலாற்றாசிரியர் ஹாலிகார்னாசஸ் டயோனிசியஸ். எதிரி வரும் பயம் போன பிறகு அந்தப் பள்ளம் யாருக்கும் வேண்டாத வெற்றிடம் ஆகிவிட்டது. ஊருக்குள் பிணத்தைப் புதைப்பதும் எரிப்பதும் கூடாது என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பன்னிரு பலகைச் சட்டமே தடுத்திருந்தது. ஆகவே எல்லாமே வாசலைத் தாண்டி வெளியே வந்தன. பணம் உள்ளவனுக்குச் சாலையோரத்தில் கல்லறை. ஏழைக்கும் அடிமைக்கும் குழி. அப்படிப்பட்ட குழிகள் சுமார் 75ஐ லான்சியானி கண்டார். அகழியின் ஒரு பகுதியில் மட்டும் 24,000 உடல்கள் கிடந்திருக்கும் என்றும் கணக்குப் போட்டார். அந்த எண்ணை இன்றைய ஆய்வாளர்கள் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் மனித உடல், செத்த மாடு, வீட்டுக் குப்பை எல்லாம் ஒரே பள்ளத்தில் விழுந்தன என்பதில் சந்தேகம் இல்லை.

ரோமானியர்கள் சட்டம் போடுவதில் சோம்பேறிகள் இல்லை. தெற்கு இத்தாலியில் 1732இல் கிடைத்த ஹெராக்ளியா வெண்கலத் தகடுகளில், பகலில் ரோமுக்குள் வண்டி ஓட்டத் தடை விதிக்கும் சட்டம் இருக்கிறது. அதில் விலக்குப் பெற்ற சில வண்டிகளில் ஊரிலிருந்து கழிவு ஏற்றிச் செல்லும் வண்டியும் ஒன்று. தெருச் சுத்தத்துக்கு ஈடைல் என்ற அதிகாரிகள் பொறுப்பு. பின்னாளில் பேரரசர் ஆன வெஸ்பாசியன் ஈடைலாக இருந்தபோது தெரு சேறாகக் கிடந்ததால், அவருடைய மேலாடைக்குள்ளேயே அந்தச் சேற்றை அள்ளிப் போடச் சொன்னார் பேரரசர் கலிகுலா. கலிகுலா செய்த காரியங்களில் இந்த ஒன்றுக்காவது கைதட்டலாம்.

அமலாக்கத்தில் உண்மையான புத்திசாலித்தனம் தெரிவது தலைநகரில் அல்ல, லூசேரியா என்ற இத்தாலிய ஊரில். அங்கே ஒரு புனிதத் தோப்பில் கழிவு கொட்டுவதையும் பிணம் எறிவதையும் தடுத்துக் கல்வெட்டு வைத்தார்கள். மீறுபவனைக் குடிமக்களில் யார் வேண்டுமானாலும், ஏற்கெனவே தீர்ப்பான கடனாளியைப் பிடிப்பதுபோல, 50 காசுக்காகக் கையோடு பிடிக்கலாம். அதிகாரி விரும்பினால் அபராதமும் விதிக்கலாம். சென்டியஸ் செதுக்கிய சட்டத்தில் 'கூடாது' மட்டும் இருந்தது. லூசேரியாக் கல்லில் யார் பிடிப்பது, எவ்வளவு என்பதும் இருந்தது.

சாமியை வைத்துக் காவல் காப்பதும் உண்டு. சுவரில் இரண்டு பாம்புகளை வரைந்துவிட்டால் அது புனித இடம், பையன்கள் ஒதுங்க வேறு இடம் தேட வேண்டும் என்ற வழக்கத்தைக் கவிஞர் பெர்சியஸ் கிண்டலாகக் குறிப்பிடுகிறார். பொம்பேயில் அப்படிப் பாம்புகளும் ஒரு தேவியும் சேர்ந்த ஓவியம், மலம் கழிப்பவனை எச்சரிக்கும் வாசகத்தோடு கிடைத்து, இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிள்ளையார், ஏசு, மெக்கா படம் போட்ட டைல்ஸை மதில் முழுக்கப் பதிக்கும் நம்மவர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

எஸ்க்விலைனில் கல்லும் மிரட்டலும் செய்யாததைக் கடைசியில் மண் செய்தது. கி.மு. 1ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பேரரசர் அகஸ்டஸின் நெருங்கிய நண்பரும் பெரும் செல்வந்தருமான மெசீனஸ் அந்த இடுகாட்டின் மேல் 6 முதல் 8 மீட்டர் உயரத்துக்குப் புதுமண் நிரப்பித் தோட்டம் போட்டார். எலும்பு வெளுத்துக் கிடந்த இடத்தில் ஜனங்கள் வெயில் காய உலவுவதாக ஹொரேஸ் எழுதினார். மெசீனஸின் ஆதரவில் வாழ்ந்த கவிஞர் அவர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். தோட்டத்தில் வெந்நீர்க் குளமும் இருந்திருக்கலாம். 1874இல் தோண்டியெடுத்த அந்தத் தோட்டத்தின் மண்டபம் ஒன்றை இன்றும் ரோமில் பார்க்கலாம்.

அங்கே குப்பை கொட்டுவது நின்றது. காரணம் எளிது. அந்த மண்ணுக்கு ஒரு சொந்தக்காரரும் காவலும் வந்துவிட்டன. ஆனால் இதற்குக் கொடுத்த விலையை யாரும் பேசுவதில்லை. ஏழைகளின் இடுகாடு பணக்காரரின் தோட்டம் ஆனது. கி.மு. 8இல் மெசீனஸ் இறந்தபோது சொத்து அகஸ்டஸுக்குப் போயிற்று. பிறகு, பின்னாளில் பேரரசரான டைபீரியஸ் அங்கே குடியிருந்தார். கி.பி. 64இல் ரோம் எரிந்தபோது பேரரசர் நீரோ அங்கிருந்த கோபுரத்தில் நின்று வேடிக்கை பார்த்ததாக வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார்.

குழி மூடியதால் பிணம் குறைந்ததா? அதே சூட்டோனியஸ் தரும் இன்னொரு செய்தி: வெஸ்பாசியன் காலை உணவில் இருந்தபோது, நாற்சந்தியிலிருந்து ஒரு தெருநாய் மனிதக் கையைக் கவ்வி வந்து மேசைக்கு அடியில் போட்டதாம். வெஸ்பாசியன் அரசராகப்போவதற்கான நல்ல சகுனங்களில் ஒன்றாக சூட்டோனியஸ் அதைச் சேர்க்கிறார். நகராட்சிக் கண்ணோடு பார்த்தால், தோட்டம் போட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தும் உடல்கள் தெருவில் கிடந்தன என்பதற்கு அது சாட்சி. சென்டியஸின் கல் 'தூரமாக' என்றது. எங்கே, யார் செலவில் என்று சொல்லவில்லை. அந்த இரண்டு கேள்விக்கும் மெசீனஸின் தோட்டமும் பதில் வைத்திருக்கவில்லை.