செசரியாவின் கஞ்சிப் பானைகள்



சனவரி 2ஆம் நாள் நம் திருஅவை புனித பசிலியாரையும், அவருடைய நண்பர் புனித நசியான்சு கிரகோரியாரையும் சேர்த்து நினைவுகூர்கிறது. புத்தாண்டுத் திருப்பலி முடிந்த களைப்பில் அந்த நாள் நம் கண்ணில் படாமலே போய்விடுகிறது. மூவொரு இறைவனைப் பற்றி ஆழமாக எழுதிய மறைவல்லுநர் என்று பசிலியாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்போம். அவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய கதையை அதிகம் பேர் கேட்டிருக்க மாட்டோம். இன்று அதைத்தான் சொல்ல விரும்புகிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு பேரரசனைச் சந்திக்க வேண்டும்.

அவன் பெயர் ஜூலியன். கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்து, பிறகு நம் நம்பிக்கையை உதறிவிட்டு, உரோமைப் பேரரசைப் பழைய தெய்வங்களிடம் திருப்பிக் கொண்டுபோக முயன்றவன். 355ஆம் ஆண்டில் அவன் ஏதென்ஸ் நகரில் படித்தபோது, பசிலியாரும் கிரகோரியாரும் அதே நகரில் மாணவர்களாக இருந்தார்கள். 361இல் அவன் அரியணை ஏறினான். அடுத்த ஆண்டு கலாத்தியா நாட்டுத் தலைமைப் பூசாரிக்கு ஒரு கடிதம் எழுதினான். அதில் அவனுடைய மனக்குறை வெளிப்படையாகவே தெரிகிறது. இந்தக் கலிலேயர் (நம்மை அவன் அப்படித்தான் அழைப்பான்) தங்கள் ஏழைகளுக்கு மட்டுமல்ல, நம்முடைய ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள். நம்மவர்களோ நம்மிடமிருந்து ஒன்றும் பெறுவதில்லை. இது நமக்கு வெட்கக்கேடு என்று புலம்புகிறான். ஆகவே ஒவ்வொரு நகரிலும் வழிப்போக்கருக்குச் சத்திரம் அமைக்கச் சொல்கிறான். கலாத்தியாவுக்கு மட்டும் ஆண்டுக்கு 30,000 மரக்கால் கோதுமை ஒதுக்குகிறான். அந்த உரோமை அளவை நம் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 200 டன். கூடவே திராட்சை இரசமும் தருகிறான். ஐந்தில் ஒரு பங்கு பூசாரிகளிடம் வேலை செய்யும் ஏழைகளுக்கு, மீதி முழுவதும் அந்நியருக்கும் பிச்சை எடுப்போருக்கும் என்று பங்கும் பிரித்துக் கொடுக்கிறான்.

நம்மைப் பிடிக்காத ஒருவன் நமக்குக் கொடுத்த நற்சான்றிதழ் இது. ஆனால் அதே ஜூலியன் வேறோர் இடத்தில், இவர்கள் செய்யும் உதவியெல்லாம் பணியாரத்தைக் காட்டிக் குழந்தைகளைக் கடத்திச் செல்பவர்களின் தந்திரம் போன்றது என்றும் எழுதினான். நம் காதில் இன்றும் விழும் குற்றச்சாட்டுதான். அதற்கு வயது 1,600 ஆண்டுக்கு மேல். கோபப்படுவதைவிட, அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. ஜூலியனின் சத்திரங்கள் என்ன ஆகியிருக்கும் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. 363இல், ஆட்சிக்கு வந்து இரண்டு ஆண்டுகூட நிறையாத நிலையில், பாரசீகப் போரில் அவன் இறந்துபோனான்.

இப்போது கப்பதோக்கியா நாட்டுச் செசரியாவுக்கு வருவோம். இன்று துருக்கியில் கெய்சேரி என்ற பெயரில் இருக்கும் ஊர். 368, 369ஆம் ஆண்டுகளில் அங்கே கொடிய பஞ்சம். குளிர்காலத்தில் பனி விழவில்லை. வசந்தத்தில் மழை இல்லை. நிலம் வெடித்துக் கிடந்தது. கடலோர ஊராக இருந்தால் கப்பலில் தானியம் வந்துவிடும். உள்நாட்டு ஊருக்கு மாட்டு வண்டியில் எவ்வளவு வந்துவிடும்? அது மட்டும் காரணமல்ல. ஊருக்குள்ளேயே சிலருடைய களஞ்சியங்களில் தானியம் இருந்தது. விலை இன்னும் ஏறட்டும் என்று கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். இதில் நம்மைக் குத்த வேண்டிய செய்தி என்னவென்றால், அப்படிப் பூட்டி வைத்தவர்களில் பலர் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வருபவர்கள்.

பசிலியார் அப்போது ஆயர் அல்ல, நாற்பது வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு குருதான். அந்த நாட்களில் அவர் ஆற்றிய மறையுரைகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட அறிவிலியான செல்வனைப் பற்றி லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் சொன்ன உவமையை எடுத்துக்கொண்டார். நீ ஒளித்து வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, பெட்டியில் பூட்டிய மேலாடை ஆடையற்றவனுடையது என்ற கருத்தில் பேசினார். நம்முடையதிலிருந்து கொஞ்சம் கிள்ளிக் கொடுக்கும் தருமமாக அவர் இதைப் பார்க்கவில்லை. கொடுக்காமல் இருப்பது பிறருடைய பொருளை வைத்துக்கொள்வது என்றே பார்த்தார். அப்பம் வாங்குவதற்காகத் தன் பிள்ளைகளில் ஒருவனை விற்க வேண்டிய நிலைக்கு வந்த தகப்பனை அந்த மறையுரையில் படம்பிடித்துக் காட்டுகிறார். எவனை விற்பது? மூத்தவனையா, இளையவனையா? அந்தத் தகப்பன் நின்று தவிக்கும்போது, எதிரே வியாபாரி விலை பேசிக்கொண்டிருக்கிறான். வீட்டில் தனியாக வாசித்தாலும் தொண்டை அடைக்கும் பகுதி அது.

இன்னொரு மறையுரையில் சற்றுச் சிரிப்பும் வரும். மழைக்காகச் செபிக்க அழைத்தால், பெரியவர்கள் வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டு, பிள்ளைகளை ஆலயத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். பள்ளிக்கூடம் இல்லை என்ற மகிழ்ச்சியில் பிள்ளைகள் துள்ளிக் குதித்து வந்திருக்கிறார்கள். பாவம் செய்தது நீங்கள், செபிக்க அனுப்பியது குழந்தைகளையா என்று கேட்கிறார் பசிலியார். பங்குக் குருக்களாகிய எங்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகவே புரியும்!

பேச்சோடு அவர் நிற்கவில்லை. தன் பங்குக்கு வந்த குடும்பச் சொத்தை விற்று உணவு வாங்கினார். மறையுரை கேட்ட செல்வர்கள் சிலரும் களஞ்சியங்களைத் திறந்தார்கள். பசியால் மூச்சு மட்டும் மிஞ்சியிருந்தவர்களை, ஆண், பெண், குழந்தை, முதியவர் என்று எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டி, பெரிய பானைகளில் பயறுக் கஞ்சி காய்ச்சி, உப்புக்கண்டத்தோடு பரிமாறினார். சீடர்களின் பாதங்களைக் கழுவிய ஆண்டவரைப் போல அவரே துண்டைக் கட்டிக்கொண்டு, தன் பணியாளர்களோடு நின்று பரிமாறினார் என்று கிரகோரியார் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பந்தியில் யூதர்களின் பிள்ளைகளுக்கும் அதே பங்கு கிடைத்தது என்கிறார் பசிலியாரின் தம்பி, நீசா நகர் கிரகோரியார்.

இவர்களின் அக்காள் மக்ரினாவையும் விட்டுவிடக் கூடாது. நகரத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, வடக்கே அன்னேசி என்ற இடத்தில் அவர் துறவு இல்லம் நடத்தினார். பஞ்சத்தில் வழியோரம் விழுந்து கிடந்த பெண் பிள்ளைகளை எடுத்து வந்து வளர்த்தார். கடைசித் தம்பி பேதுரு திரட்டிக் கொடுத்த உணவைத் தேடி வந்த கூட்டத்தால் அந்தக் காடு ஒரு நகரம் போல ஆகிவிட்டதாம். மக்ரினா இறந்தபோது எல்லாரையும்விட அதிகமாகக் கதறியது, அவரைத் தாய் என்று அழைத்த அந்தப் பெண்கள்தான்.

370இல் பசிலியார் செசரியாவின் ஆயரானார். பஞ்சம் தீர்ந்ததும் பானைகளைக் கவிழ்த்து வைத்துவிடவில்லை. ஊருக்கு வெளியே ஒரு பெரிய இல்லத்தைக் கட்டினார். வழிப்போக்கருக்குத் தங்குமிடம், நோயாளிகளுக்கு மருத்துவர், பராமரிப்போர், சுமை தூக்க விலங்குகள், கைத்தொழில் கூடங்கள் எல்லாம் அங்கே இருந்தன. சொந்த வீட்டாரே துரத்திவிட்ட தொழுநோயாளருக்கும் இடம் இருந்தது. அவர்களைச் சகோதரராக முத்தமிட்டு வரவேற்க அவர் தயங்கியதில்லை. இதெல்லாம் எதற்கு என்று ஆளுநரிடம் புகார் போனது. இதனால் யாருக்கு என்ன தீங்கு என்று கேட்டுப் பசிலியார் எழுதிய பதில் கடிதம் இன்றும் இருக்கிறது.

ஆரியுசின் தப்பறையை ஆதரித்த பேரரசன் வாலென்ஸ், பசிலியாரைப் பணியவைக்க மொதெஸ்துஸ் என்ற உயர் அதிகாரியை ஏவினான். சொத்தைப் பறிப்பேன் என்று மிரட்டினான் அந்த அதிகாரி. கந்தல் ஆடையும் சில நூல்களும் தவிர என்னிடம் பறிக்க ஒன்றுமில்லை என்றார் ஆயர். விசுவாசத்தில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அதைவிட வியப்பு, பிறகு நடந்தது. அதே மொதெஸ்துசுக்கே பசிலியார் மனு எழுதினார். தவுருசு மலையில் இரும்பு எடுக்கும் மக்கள் வரிச்சுமை தாங்காமல் தவித்தபோது, வரியைக் குறைக்கச் சொல்லி வேண்டினார். தனக்காக அவன்முன் தலைகுனியாதவர், இரும்புத் தொழிலாளிக்காகக் கெஞ்சினார். வாலென்சும் கடைசியில் அந்த ஏழைகளுக்காக நிலம் கொடுத்தான் என்று தேயொதொரேத்து என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார்.

உடல்நலம் எப்போதும் அவருக்குக் கைகொடுத்ததில்லை. 379 சனவரி முதல் நாள், ஐம்பது வயதை ஒட்டிய நிலையில் இறந்தார். அடக்கத்தின்போது ஆடையின் ஓரத்தையாவது, பாடையையாவது தொட்டுவிட வேண்டும் என்று கூட்டம் நெருக்கியதில் சிலர் உயிரையே இழந்தார்கள். நோயுற்றிருந்ததால் கிரகோரியார் அங்கே போக முடியவில்லை. பின்னாளில் அந்த ஊருக்கு வந்து உரையாற்றியபோது, அன்றைக்கு அங்கே அழுதவர்கள் யார் யார் என்று சொல்கிறார்: யூதரும், பிற சமயத்தாரும், ஊருக்கு வந்திருந்த அந்நியரும் நம்மவரோடு போட்டி போட்டுக்கொண்டு அழுதார்களாம்.