குளோரோகுயின் ஏன் தோற்றது? மாலி விஞ்ஞானியின் ஆய்வு

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டைச் சேர்ந்தவர் அப்துலாயே ஜிம்தே. மருந்தியல் படித்து, மலேரியா ஆய்வுக்கு வந்தவர். ஏழைகளுக்கும் எட்டிய மாத்திரையான குளோரோகுயின் சிலரைக் குணப்படுத்தாமல் போனது ஏன் என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி.

மலேரியா ஒட்டுண்ணியின் ஒரு மரபணுவில், புரதத்தின் 76ஆம் இடத்தை மாற்றும் சிறு திரிபு உண்டு. அது இருந்தால், மருந்து வேலை செய்யவேண்டிய செரிமானப் பையிலிருந்தே வெளியேற்றப்பட்டுவிடும். 2001இல் ஜிம்தேயும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்குப் பிறகும் ஒட்டுண்ணி நீங்காத மாலி நோயாளிகள் அனைவரிடமும் இந்தத் திரிபு இருந்தது. ஆனால் திரிபுள்ள ஒட்டுண்ணி தொற்றியும் குணமானவர்கள் இருந்தார்கள், குறிப்பாக வயதில் மூத்தவர்கள். பலமுறை மலேரியா கண்ட உடல் தானே எதிர்த்து நின்றது. அந்த எதிர்ப்பாற்றல் இல்லாத சிறு குழந்தைகளுக்கு மருந்து ஒன்றே துணை. பின்னர், ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து ஒட்டுண்ணியின் மரபணுக்களைக் கண்காணிக்கும் கூட்டமைப்பையும் ஜிம்தே முன்னின்று உருவாக்கினார்.