யாருடைய கேள்விக்கு வேகமான பதில்?
கல்வெட்டு, கர்ணம், சர்வர்

டேட்டாபேஸ் சர்வரைப் பராமரிக்கிறவர்களிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள் நாலைந்துதான். யார் வாசிக்கலாம், யார் எழுதலாம்? மாற்றியது யார் என்பதற்குத் தடயம் உண்டா? அழிந்துபோனால் நகல் எங்கே? பதில் ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது? இவற்றை எஞ்சினியர்களிடம் ஒப்படைத்துவிட்டு நாம் கவிதைக்கும் கோட்பாட்டுக்கும் போய்விடுகிறோம். தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு இதே கேள்விகள் முதலில் எதிர்ப்பட்டது கல்வெட்டில்தான். நிலத்தின் கணக்கை யார் கையில் வைத்திருப்பது என்ற பழைய சண்டை இப்போது இந்தப் பெயர்களில் நடக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1

திருவண்ணாமலைக் கோயில் சுவர்களில் சோழர் காலந்தொட்டு நாயக்கர் காலம்வரை எழுதிவைத்திருக்கிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990இல் இவற்றை நூலாக வெளியிட்டது. கோயிலுக்கு யார் என்ன கொடுத்தார், நிலத்தின் நான்கெல்லை எது, வரி யாருக்கு நீக்கம் என்பவைதாம் இத்தகைய சுவர்களின் பேச்சு. நிலத்தில் இறங்கி உழுதவரின் பெயர் அபூர்வம்.

சுவரில் எழுத்து ஏறுவது கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் ஓலையில் ஒரு நெடிய பயணம் இருக்கிறது. அரசன் வாயால் சொன்னதைத் திருமந்திர ஓலை எழுதுவார். ஓலைநாயகங்கள் ஒப்பிடுவார்கள். புரவுவரித் திணைக்களத்தார் வரிப்பொத்தகத்தில் பதிவார்கள். வரியிலீடு, முகவெட்டி, பட்டோலை என்று ஒவ்வொரு கைக்கும் ஒரு பதவிப் பெயர். ஆனைமங்கலத்தை நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்குக் கொடுத்த லெய்டன் செப்பேட்டில் இப்படிப் பல அதிகாரிகளின் பெயர்கள் அடுக்காக வருகின்றன. ஒருத்தர் மட்டும் நினைத்தால் கணக்கை மாற்ற முடியாது. மாற்றினால் யார் மாற்றினார் என்பது நிற்கும். இன்று 'லாக்' என்று சொல்வது இதைத்தான்.

நகலும் இருந்தது. பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த திருவல்லம் கோயிலில், மண்டபத்தைப் பிரித்துக் கட்டும்போது பழைய கல்வெட்டைப் படியெடுத்துப் புதிய கல்லில் வெட்டினார்கள். இது பழங்கற்படி என்று அங்கேயே குறித்தும் வைத்தார்கள். மூலம் எது, படி எது என்று மறைக்காமல் சொன்ன நேர்மை அது.

இதை வைத்து 'அந்தக் காலத்திலேயே எல்லாம் இருந்தது' என்று பெருமை பேச வரவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலுக்கு விட்ட ஊர்களின் மொத்த நிலத்தைச் சொல்லி, அதிலிருந்து வரி இல்லாத இடங்களைக் கழிக்கிறார்கள். ஊர்நத்தம், குளம், சுடுகாடு என்ற வரிசையில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. சேரி இந்த ஆவணத்தில் இருக்கிறது, கழிக்க வேண்டிய அளவாக இருக்கிறது. துல்லியமான கணக்குக்கும் நியாயமான கணக்குக்கும் சம்பந்தம் இல்லை.

2

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் தாழ்த்தப்பட்டோரின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதிலிருந்து தொடங்குகிறது. முதல் பத்தாண்டு விற்கக் கூடாது, பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கு வெளியே கைமாறக் கூடாது என்பது நிபந்தனை. நிபந்தனையின் உயிர் எங்கே இருந்தது? ஏ-ரிஜிஸ்டரின் குறிப்புக் கலத்தில், 'டி.சி.' என்ற இரண்டு எழுத்தில். அந்த ரிஜிஸ்டர் இருந்தது கர்ணத்தின் கையில். 'கணக்கு கர்ணம் வீட்டுப் பரண்லதான் இருந்துச்சு' என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். வாசிக்கும் அனுமதியும் எழுதும் அனுமதியும் ஒரே வீட்டில்.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டுப் பரம்பரைக் கிராம அதிகாரப் பதவிகளை ஒழித்தது. 1979 ஜூன் முதல் 1987 ஏப்ரல் வரை யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்து, பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டன. அப்போதுதான் பல ஊர்களில் 'டி.சி.' குறிப்பு விடுபட்டு நிலம் வேறு பெயருக்குப் போனது என்பது பஞ்சமி நில மீட்பு இயக்கங்களின் குற்றச்சாட்டு. 12 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டது என்று அவர்கள் சொல்கிறார்கள். காரணை நிலப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். ஒரு கலத்தில் இருந்த இரண்டெழுத்துக்கு இவ்வளவு கனம்.

3

பிறகு கணக்கு கம்ப்யூட்டருக்குள் போனது. முதலில் வட்ட அலுவலகம், பிறகு மையச் சர்வர், 'தமிழ் நிலம்' மென்பொருள். லாபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பரணில் இருந்ததை இன்று கூலிக்காரரும் செல்போனில் பார்க்கலாம். 'சர்வர் டவுன் சார்' என்ற பதில் கர்ணத்தின் 'நாளைக்கு வா'வைவிட மோசமில்லை.

ஆனால் வேகம் என்றால் என்ன? ஒரு டேட்டாபேஸ் தாமதமானால் முதலில் பார்ப்பது இன்டெக்ஸ். சங்க இலக்கியச் சொல்லடைவைப் புரட்டிய தமிழ் மாணவருக்கு இது புரியும். அடைவு இருந்தால் நேரே அந்தப் பக்கம். இல்லையென்றால் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் அடைவு போடவும் முடியாது. ஒவ்வொரு புதிய பதிவின்போதும் எல்லா அடைவையும் திருத்த வேண்டியிருப்பதால் எழுதுவது மெதுவாகும். ஆகவே எந்தக் கேள்வி அடிக்கடி வரும் என்று முன்கூட்டி முடிவு செய்து அதற்கு மட்டும் வழி அமைப்பார்கள். சர்வர் பராமரிக்கிற நண்பர் ஒருவர் சொன்னார்: 'எவன் அடிக்கடி கேக்குறானோ அவனுக்குத்தான் ரோடு போடுவோம்.' ஃபூக்கோவை இங்கே துணைக்கு அழைக்கத் தேவையில்லை. அந்த வாக்கியமே போதும்.

மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண் கொடுத்தால் உடனே பதில் வருகிறது. பட்டா வைத்திருப்பவரின் கேள்வி அது. 'இந்த வட்டத்தில் பஞ்சமி நிபந்தனை இருந்த புல எண்கள் எவை, இன்று யார் பெயரில்?' என்று கேட்க பொதுமக்களுக்கு அங்கே வழியில்லை. விடுபட்ட குறிப்புக்கு இன்டெக்ஸ் போட முடியாது. சர்வர் எவ்வளவு வேகமானாலும் தவறு அதே வேகத்தில் அச்சாகி வரும்.

இன்றைய டேட்டாபேஸ்களின் அடிப்படையை ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் 1970இல் ஒரு கட்டுரையில் வகுத்தார். உள்ளே எப்படி அடுக்கியிருக்கிறது என்ற பாரம் கேட்பவர் தலையில் விழக்கூடாது என்பது அவர் எண்ணம். பொறியியலில் அது விடுதலை. நிலம் பறிபோனவருக்கு, உள்ளே என்ன அடுக்கியிருக்கிறது, எது அடுக்கப்படவே இல்லை என்பதுதான் முழு வழக்கும்.

எனவே இயக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 4ஆம் பிரிவு, ஆவணங்களைப் பட்டியலிட்டு அடைவு செய்து வைக்க வேண்டும் என்று அரசு அலுவலகங்களுக்குக் கடமை விதிக்கிறது. ஒற்றைப் பட்டாவுக்கு மனுப் போடுவதோடு நிற்காமல், யு.டி.ஆருக்கு முந்தைய ஏ-ரிஜிஸ்டர்களை ஊர் ஊராகக் கேட்டுப் படியெடுக்க வேண்டும். இது பழங்கற்படி என்று குறித்து, இன்றைய பதிவின் பக்கத்தில் வைக்க வேண்டும். புதிய கலம் ஒன்றை அந்த டேட்டாபேஸில் திறக்கச் சொல்லிக் கேட்பதும் நிலம் கேட்பதும் இனி ஒரே போராட்டம்.